கொடாத இறைவனை ஏன் வணங்குகிறோம்?



ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் பயின்ற காலத்தில் எங்களுக்கு இடைவிடாது வலியுறுத்தப்பட்ட நெறி ஒன்று உண்டு. மாணவருக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்வியையே பாடத்தின் வாயிலாகக் கொள்ள வேண்டும் என்பதே அது. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆனபின்பும் அந்நெறி என்னை விட்டு அகலவில்லை. இக்கட்டுரையும் ஒரு மாணவியின் கேள்வியிலிருந்தே பிறந்தது.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர் ஜினாலயத்தில் சிறுவர் சிறுமியர்க்கு அறநெறி வகுப்பு நடத்தி வந்தேன். பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த பெண் ஒருத்தி நாள்தோறும் முதல் வரிசையில் வந்து அமர்வாள். தேர்வு முடிவு வந்தபின் நான்கு நாள்கள் அவளைக் காணவில்லை. ஐந்தாம் நாள் வந்தவள், வகுப்பு முடிந்து மற்றவர்கள் சென்றபின் என்னிடம் கேட்டாள்:

"டீச்சர் பாட்டி, நாற்பத்தெட்டு நாள் விடாமல் விளக்கேற்றிப் பக்தாமரம் படித்தேன். நினைத்த மதிப்பெண் வரவில்லை. நீங்களோ, பகவான் விருப்பு வெறுப்பு அற்றவர், யாருக்கும் எதுவும் கொடுக்கமாட்டார் என்று பாடம் நடத்துகிறீர்கள். கொடுக்காதவரை நான் ஏன் கும்பிட வேண்டும்?"

அவள் குரலில் குறும்பு இல்லை, வருத்தமே இருந்தது. இக்கேள்வி நம் இல்லங்கள் பலவற்றில் கேட்கப்படுவது. பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் மனத்துள் வைத்திருப்பது. உரிய விடை கூறாவிடில், இளையோர் கோயிலுக்கு வருவதை நிறுத்துவர். அல்லது கேட்டதைக் கொடுப்பதாகச் சொல்லப்படும் இடங்களைத் தேடிச் செல்வர். இரண்டும் இழப்பே. ஆகவே, தூய பக்தி என்பது யாது, அதனால் விளைவது யாது என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பஞ்ச நமஸ்காரம் கற்பிக்கும் பாடம்

நாம் மழலைப் பருவத்திலேயே மனனம் செய்யும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை முதலில் நினைவிற் கொள்வோம். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், உலகிலுள்ள சாதுக்கள் அனைவர் என ஐவகைப் பரமேட்டிகளை அது வணங்குகிறது. அதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை.

முதலாவது, அம்மந்திரத்தில் எவருடைய பெயரும் இல்லை. ஆதிநாதர் என்றோ, பார்சுவநாதர் என்றோ, மகாவீரர் என்றோ அது சுட்டவில்லை. வினைகளை வென்ற நிலைக்கும், அதனை நோக்கிச் செல்லும் நிலைகளுக்குமே அது வணக்கம் செலுத்துகிறது. ஆகவே நாம் வணங்குவது குணங்களை. எவர் அக்குணங்களை அடையினும் அவர் நம் வணக்கத்திற்கு உரியவராவார்.

இரண்டாவது, அம்மந்திரத்தில் வேண்டுகோள் ஒன்றுமே இல்லை. செல்வம் தருக, நோய் நீக்குக, பகை அழிக்க என்னும் சொற்களை அதில் காண இயலாது. வணக்கம் மட்டுமே உண்டு. நாள்தோறும் பன்முறை நாம் ஓதும் மந்திரமே கேளாத வழிபாட்டிற்கு இலக்கணமாக அமைந்திருப்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆன்றோர் தந்த விடை

வழிபடத்தக்க ஆப்தருக்கு மூன்று இலக்கணங்களைச் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துள்ளார். குற்றங்கள் நீங்கியவராதல், முற்றும் உணர்ந்தவராதல், உயிர்கட்கு நன்மை பயக்கும் நெறியை உபதேசித்தவராதல் என்பன அவை. வேண்டியதை வழங்குபவர் என்பது அவ்விலக்கணத்துள் இல்லை. அது மறதியால் விடுபட்டதன்று. புகழ்ந்தவர்க்குக் கொடுத்துப் புகழாதவர்க்கு மறுப்பவரிடம் விருப்பும் வெறுப்பும் குடிகொண்டிருக்கும். விருப்பு வெறுப்பு உடையவர் வீதராகர் ஆகார்.

அவ்வாறாயின் வழிபாட்டின் பயன் என்ன? சமந்தபத்திரரே இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் போற்றிப் பாடிய சுயம்பு தோத்திரத்தில், பன்னிரண்டாம் தீர்த்தங்கரரான வாசுபூஜ்யரைத் துதிக்கும் இடத்தில், இதற்கு விடை கூறுகிறார். வீதராகராகிய இறைவருக்கு நம் பூசையால் ஆவது ஒன்றுமில்லை. பகை ஒழிந்தவராதலின் நம் நிந்தனையாலும் ஆவது ஒன்றுமில்லை. எனினும் அவருடைய புனிதக் குணங்களை நினைத்தல் நம் உள்ளத்தின் பாவ மாசைத் துடைக்கிறது என்பது அவர் கருத்து. பக்தியின் பயன் வணங்கப்படுபவரிடமிருந்து புறப்பட்டு வருவதில்லை. வணங்குபவரின் உள்ளத்திலேயே அது விளைகிறது என்பதே இதன் சாரம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் தொடக்கத்தில் நாம் ஓதும் மங்கல சுலோகமும் இதனையே அறிவிக்கிறது. வீட்டு நெறிக்குத் தலைவராய், வினைமலைகளைப் பிளந்தவராய், மெய்ப்பொருள் யாவும் அறிந்தவராய் உள்ளவரை வணங்குவதாகக் கூறும் அச்சுலோகம், வணங்குவதன் நோக்கத்தையும் உடன் கூறிவிடுகிறது. அக்குணங்களை நாமும் அடைதல் என்பதே அந்நோக்கம். குந்தகுந்த ஆசாரியர் பிரவசன சாரத்தில் இன்னும் ஆழமாகச் சொல்கிறார். அருகரைப் பொருள், குணம், பரியாயம் ஆகிய மூன்றாலும் அறிபவன் தன் ஆன்மாவை அறிகிறான். அவனுடைய மோகம் அழிகிறது என்பது அவர் உபதேசம். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலைக்குச் சென்று அப்பெருமானின் திருவடிச் சுவடுகளை வணங்கி வரும் நாம், இவ்வுபதேசத்தையும் உடன் எடுத்து வர வேண்டும்.

மேல்வரிச் சட்டம்

அம்மாணவிக்கு இவற்றை நூற்பொருளாகச் சொல்வதற்கு முன், அவளுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு விளக்கினேன். தொடக்கப் பள்ளியில் கையெழுத்துப் பயிற்சிக்கு மேல்வரிச் சட்டம் எழுதியதை அவள் மறந்திருக்கவில்லை. ஏட்டின் முதல் வரியில் அழகிய எழுத்துகள் இருக்கும். குழந்தை அதனைப் பார்த்துக் கீழே பத்து வரிகள் எழுத வேண்டும்.

அந்த மேல்வரி குழந்தையின் கையைப் பிடித்து எழுதுவதில்லை. நன்றாக எழுதினால் மிட்டாய் கொடுப்பதில்லை. கோணலாக எழுதினால் அடிப்பதுமில்லை. தான் இருந்தபடியே இருக்கிறது. ஆயினும் அதனைப் பார்த்துப் பார்த்து எழுதும் குழந்தையின் எழுத்துத் திருந்துகிறது. திருத்தியது மேல்வரியா, குழந்தையின் முயற்சியா? முயற்சி குழந்தையுடையது, ஆனால் மேல்வரி இன்றி அம்முயற்சிக்கு இலக்கு இல்லை.

இன்னொன்றையும் ஆசிரியர் அனைவரும் அறிவர். குழந்தை எழுதும் முதல் வரி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கீழே செல்லச் செல்ல எழுத்துக் கோணும். காரணம், குழந்தை மேல்வரியைப் பார்ப்பதை விட்டுத் தான் சற்றுமுன் எழுதிய வரியைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுகிறது. தன் பிழையையே மாதிரியாகக் கொள்கிறது. நம் வாழ்வும் அத்தகையதே. நேற்றைய கோபத்தைப் பார்த்து இன்றைய கோபத்தை எழுதுகிறோம். அதனால்தான் நாள்தோறும் ஒருமுறையேனும் கண்ணை மேலே உயர்த்தி ஜினபிம்பத்தைக் காணவேண்டும் என்று பெரியோர் விதித்தனர். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைத் துதித்தலும் வந்தனையும் ஆறு ஆவசியகங்களுள் இடம்பெற்றிருப்பதன் காரணமும் இதுவே.

எட்டுத் திரவியங்கள் எதைக் கேட்கின்றன?

"அப்படியானால் பூசையில் அத்தனை பொருள்களை ஏன் வைக்கிறோம்? கொடுத்து வாங்குவதுபோலத்தானே இருக்கிறது?" என்று அவள் மீண்டும் கேட்டாள். நல்ல கேள்வி. அட்டவித அர்ச்சனையில் நாம் சமர்ப்பிக்கும் எட்டுத் திரவியங்களின் பொருளை அறிந்தால் இவ்வையம் நீங்கும்.

நீர், பிறப்பு மூப்பு இறப்பு என்னும் மாசு நீங்குதற்கு. சந்தனம், பிறவி வெப்பம் தணிதற்கு. அட்சதை, அழிவற்ற நிலை எய்துதற்கு. மலர், காம வேட்கை அழிதற்கு. நைவேத்தியம், பசி என்னும் பிணி ஒழிதற்கு. தீபம், மோக இருள் அகலுதற்கு. தூபம், எண்வினைகளும் எரிதற்கு. பழம், வீடுபேறு என்னும் பயன் கூடுதற்கு.

இவ்வெட்டில் ஒன்றேனும் உலகியல் பொருளை வேண்டுகிறதா? இல்லை. பெரும்பாலானவை எதனையோ விடுவதைக் குறிக்கின்றன. உண்பதற்கு இனிய பண்டத்தை வைத்து, உண்ணும் வேட்கையே ஒழிக என்கிறோம். அருகர் அப்பண்டத்தை உண்பதில்லை, மலரை முகர்வதில்லை. ஆகவே இது கொடுக்கல் வாங்கல் அன்று. இறைவர் முன்னிலையில் நாம் நமக்கே எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியாகும். பொருளுணராது தட்டை மட்டும் நீட்டுவோமாயின், உறுதிமொழிப் படிவத்தில் படியாமல் கையெழுத்திட்டவர்கள் ஆவோம்.

தவளையும் கவுந்தியடிகளும்

தூய பக்திக்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் தம் சிராவகாசாரத்தில் ஒரு மன்னரையோ முனிவரையோ காட்டவில்லை; ஒரு தவளையைக் காட்டுகிறார். இராசகிருக நகரில் மகாவீரர் எழுந்தருளியிருந்தபோது, ஒரு தவளை மகிழ்ச்சி மேலிட்டு, மலர் ஒன்றைக் கவ்விக்கொண்டு அவரை வழிபடச் சென்றது. வழியில் சிரேணிக மன்னரின் யானைக் காலடியில் மிதிபட்டு மாண்டது. வழிபடும் எண்ணம் மாறாமலே இறந்தமையால் தேவகதி அடைந்தது என்று உரையாசிரியர்கள் கதையை விரித்துரைப்பர்.

இக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது தேவகதியோடு நிறுத்திவிடுகிறோம். சற்று நின்று சிந்திப்போம். தவளை சமவசரணத்தைச் சென்று சேரவில்லை. அதன் மலர் திருவடியை அடையவில்லை. தம்மை நோக்கி வந்த சிற்றுயிரை யானைக் காலிலிருந்து மகாவீரர் காக்கவும் இல்லை. அப்படியிருந்தும் அதன் பக்தி வீணாகவில்லை. ஏனெனில் பயன் விளைந்தது அதன் உள்ளத்து நன்னினைவினால். தேவகதி பகவான் அளித்த பரிசன்று. அதன் பாவனையின் விளைவு.

நம் தமிழ்க் காப்பியத்திலும் இதற்கொத்த செய்தி உண்டு. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்கு வழிநடக்கும் கவுந்தியடிகள் சாரணரைக் காண்கிறார். அப்போது அருகனைப் போற்றி அவர் மொழிவது நம்மவர் பலரும் அறிந்த பகுதி. தம் செவியும் நாவும் கண்ணும் கையும் தலையும் நெஞ்சும் அவ்விறைவனுக்கே உரியன என உறுதி கூறுகிறார். அங்கு அவர் எதனையும் கேட்கவில்லை. வழித்துணையாய் வரும் இளந்தம்பதியர் நலமாக வாழவேண்டும் என்றுகூட அத்துதியில் வேண்டவில்லை.

பின் நிகழ்ந்ததை நாம் அறிவோம். அவர் அன்போடு அழைத்து வந்து மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக அளித்தார். கோவலன் கொலையுண்டான். முன்வினை உருத்து வந்தது என்று காப்பியம் கூறுகிறது. செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை நீர்ப்படைக் காதை தெரிவிக்கிறது. அவருடைய பக்தி கோவலனைக் காக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர் எக்காலத்தும் அதற்காகப் பக்தி செய்தவர் அல்லர். அதனால்தான் பெருந்துயர் வந்த பொழுதும் தம் நெறியைக் கைவிடாமல், அந்நெறியிலேயே நின்று இறுதி எய்தினார்.

என் வாழ்வில் ஒரு பக்கம்

இவற்றையெல்லாம் கேட்ட மாணவி, "நீங்கள் எதுவும் கேட்டதே இல்லையா, பாட்டி?" என்றாள். பொய்யுரைத்தல் ஆசிரியருக்கு அழகன்று. அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

1996ஆம் ஆண்டு என் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு முற்றிய நிலையில் தெரிய வந்தது. மருத்துவம் செய்துகொண்டே, நானும் நாற்பத்தெட்டு நாள் பக்தாமரம் ஓதுவதாக நோன்பு ஏற்றேன். ஒவ்வொரு நாளும் ஓதி முடித்து, அவர் பிழைத்தெழ வேண்டும் என்று மன்றாடினேன். முப்பத்தொன்றாம் நாள் அவர் காலமானார். எஞ்சிய நாள்களை நான் நிறைவு செய்யவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஜினாலயத்தின் பக்கமே செல்லவில்லை. குழந்தைகளுக்கு அறம் கற்பிக்கும் நான், உள்ளத்தில் இறைவரோடு பகை கொண்டிருந்தேன்.

என் மாமியார் எழுத்தறியாதவர். பஞ்ச நமஸ்காரமும் இரண்டொரு தோத்திரமும் அன்றி வேறெதுவும் அறியார். மகனை இழந்த மூன்றாம் வாரம் முதல் அவர் வழக்கம்போல் கோயிலுக்குச் சென்று வந்தார். ஒருநாள் எனக்குச் சினம் பொங்கியது. "உங்கள் பிள்ளையைக் காப்பாற்றாத சாமியை எப்படி அத்தை போய்க் கும்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. "அவர் காப்பாற்றுவார் என்று உனக்கு யாரம்மா சொன்னது? அவர் பெற்ற உடம்பையே விட்டுவிட்டுப் போனவர். என் பிள்ளை போனபிறகு எனக்கு இந்த மனசு ஒன்றுதான் மிச்சம். அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் போகிறேன். நீ கும்பிட வேண்டாம். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, செம்பைத் தூக்கிக்கொண்டு கூட வா, போதும்" என்றார்.

செம்பைத் தூக்கிச் சென்றேன். மூலவர் முன் அமர்ந்தேன். என் திருமண நாளில் கண்ட அதே திருமுகம். என் கணவர் இறந்த நாளிலும் அப்படியேதான் இருந்திருக்கும். முதலில் அம்மாறாமை எனக்கு நெருப்பாகச் சுட்டது. என் துயரம் இவரை ஒன்றும் செய்யவில்லையே என்று அழுதேன். பலநாள் அவ்வாறே சென்று அமர்ந்தபின்தான், துயரம் ஒன்றும் செய்யமுடியாத ஒரு நிலை உண்டு என்பதையே அம்முகம் காட்டுகிறது என்று விளங்கிற்று. அந்நிலை எனக்கும் இயற்கையாய் உரியது என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளும் பிறர்க்குப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், நான் கற்கவில்லை.

அதன் பயனாகப் பெரிய அதிசயம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. ஒரு சிறு செய்தியை மட்டும் குறிப்பிடுகிறேன். அந்த ஏழு மாதங்களில் நான் வகுப்பில் கடுமையானவளாக மாறியிருந்தேன். வீட்டுப்பாடம் செய்யாது வரும் சிறுவன் ஒருவனைப் பலமுறை அடித்திருக்கிறேன். மீண்டும் கோயிலுக்குச் செல்லத் தொடங்கிய பின் ஒருநாள் அவனை அடிக்கக் கை ஓங்கியபோது, அசைவற்ற அத்திருக்கைகள் நினைவில் எழுந்தன. கையைத் தாழ்த்தி, ஏன் எழுதவில்லை என்று முதன்முறையாகக் கேட்டேன். விடியுமுன் எழுந்து மாடு மேய்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். மாலையில் பள்ளியிலேயே எழுதிவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு செய்தேன். முப்பத்தோரு நாள் நான் மன்றாடிக் கேட்டது கிடைக்கவில்லை. கேளாமல் அமர்ந்த நாள்களில் கிடைத்தது இது. என் கணவரின் இடத்தை இது நிரப்பிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் எவரும் என்னிடமிருந்து பறிக்க இயலாத ஒன்றாக இது இருந்து வருகிறது.

கேட்பது பாவமா?

அவ்வாறாயின், துன்பத்தில் வாடும் ஒருவர் இறைவர் முன் அழுதல் குற்றமா? குற்றமென்று கூற என் நா எழாது. நோயுற்ற குழந்தையின் தாய் ஜினாலயத்தில் நின்று கண்ணீர் விடுதல் இயல்பு. அவ்வேளையில் அவள் உள்ளம் தீய வழியை நாடாது நல்லிடத்தை நாடுகிறதே, அதுவும் நன்றே. உலகியல் தீநினைவாகிய அசுபோபயோகத்தைவிட, பரமேட்டிகளை நினைக்கும் சுபோபயோகம் சிறந்தது. அந்நன்னினைவால் பாவ வினைகளின் காலமும் வலிமையும் குறைதலும், புண்ணியம் பெருகுதலும் உண்டு என்று கரும நூல்கள் கூறுகின்றன. ஆகவே பக்தியால் உலக வாழ்விலும் நலம் விளையலாம். அது நம் பாவனையால் விளைவதே அன்றி, விண்ணப்பம் ஏற்கப்பட்டு வழங்கப்படுவதன்று. பழவினை வலிதாயின் விளையாமலும் போகலாம். நாற்பத்தெட்டு என்னும் எண்ணுக்கு அது கட்டுப்பட்டதன்று. பக்தாமரத்தை இயற்றிய மானதுங்கர் பாடியது ஆதிநாதரின் குணங்களை. தேர்வு முடிவுகளை அன்று.

ஆனால் கேட்பதே வழிபாடாகிவிட்டால் தீங்கு தொடங்குகிறது. தவத்திற்கும் நோன்பிற்கும் ஈடாக உலகப் பயனை விரும்புதலை நிதானம் என்பர். மாயை, மித்தியாத்துவம், நிதானம் ஆகிய மூன்றும் உள்ளத்தில் தைத்த முட்கள். சல்லியம் நீங்கியவனே விரதி என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் இரண்டாவதாகிய நிக்காங்க்ஷிதம் அவாவின்மையையே வலியுறுத்துகிறது. கேட்டது கிடைக்காவிடில் வெறுப்பும், கிடைத்துவிட்டால் மேலும் அவாவும் வளர்கின்றன. இரண்டு வழியிலும் வீதராகரின் முன்னிலையிலேயே நாம் இராகத் துவேஷங்களை வளர்த்துக்கொள்கிறோம்.

சாசன தேவதைகளைக் குறித்தும் இங்குக் கூறவேண்டும். தருமதேவி, பத்மாவதி, ஜ்வாலாமாலினி முதலியோரை நம் ஆலயங்களில் மரபாகச் சிறப்பிக்கிறோம். ஜினசாசனத்தைக் காப்பவர்கள் என்னும் முறையில் அவர்களுக்கு மதிப்பளித்தல் வேறு. அருகரின் சன்னிதியை விரைந்து கடந்து, வரம் வேண்டி அவர்கள் முன் நெடுநேரம் நிற்றல் வேறு. வரத்தை விரும்பி, விருப்பு வெறுப்பு நீங்காத தேவர்களை வழிபடுதலைத் தேவ மூடம் என்று சமந்தபத்திரர் எச்சரித்திருப்பதை நாம் மறத்தலாகாது.

பிற நெறிகளும் பக்தியின் எல்லையும்

கைம்மாறு கருதாத பக்தியைப் போற்றுவது சமணம் மட்டும் அன்று. பகவத் கீதை, துன்புற்றவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி என வழிபடுவோரை நால்வகைப்படுத்தி, ஞானியையே சிறந்தவனாகக் கூறுகிறது. பாகவத புராணத்தில் வரம் கேட்குமாறு நரசிங்கர் கூறியபோது, பயன் கருதித் தொண்டு செய்பவன் வணிகனே என்று பிரகலாதன் மறுமொழி கூறுகிறான். உயர்ந்த கருத்துகள் இவை. ஒரு வேறுபாட்டை மட்டும் மாணவர்கள் அறிய வேண்டும். அங்கு இறைவன் கொடுக்க வல்லவன், கொடுக்க முன்வருகிறான். பக்தன் வேண்டாம் என்கிறான். இங்கோ, கொடுத்தல் என்னும் செயலே இறைவரிடத்து இல்லை. ஆகவே கேளாமை என்பது நமக்குத் தியாகமன்று. உண்மையை உணர்ந்து நடத்தலேயாகும்.

நம் நெறி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. புண்ணியம் பொன் விலங்கு, பாவம் இரும்பு விலங்கு. இரண்டும் விலங்கே என்பது சமயசாரத்தின் துணிபு. பரமேட்டிகளிடத்துக் கொண்ட அன்பும் சுபராகமே ஆதலால், முடிவில் அதுவும் கடக்கப்பட வேண்டியது. மகாவீரர் வீடுபேறடைந்த நாளிலேயே கௌதம கணதரர் கேவல ஞானம் எய்தினார் என்பதை நாம் தீபாவளியன்று நினைவுகூர்கிறோம். தம் குருவின்மேல் அவர் வைத்திருந்த பற்றே அதுவரை தடையாய் நின்றது என்று சுவேதாம்பர மரபு கூறும். குந்தகுந்தர் நியமசாரத்தில் பரம பக்திக்கென்றே ஓர் அதிகாரம் அமைத்து, நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகியவற்றில் ஊன்றி நிற்பதையே மெய்யான பக்தியாகக் காட்டுகிறார்.

ஆயினும் இதனைச் சாக்காகக் கொண்டு, "பக்தி வேண்டா, ஞானமே போதும்" என்று இல்லறத்தார் கூறுதல் பொருந்தாது. தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள், அருகர், ஆசாரியர், பல்கேள்வியர், பிரவசனம் ஆகியோரிடத்தும் அதனிடத்தும் கொள்ளும் பக்தி நான்காக இடம்பெற்றுள்ளது. எழுத்துப் பழகாதவன் மேல்வரியை அழித்துவிடலாகாது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பாடம் பயிற்சியோடு முடிதல் வேண்டும். ஆகவே குடும்பத்தார் கூடிச் செய்யத்தக்க மூன்றினைக் கூறுகிறேன்.

1. ஒரு மாதம், இறைவர் முன் எவ்வித வேண்டுகோளும் இன்றி வழிபட்டுப் பாருங்கள். வேண்டுகோள் மனத்தில் எழுந்தால் வருந்த வேண்டா. எழுந்ததை அறிந்துகொண்டு மீண்டும் பஞ்ச நமஸ்காரத்திற்குத் திரும்புங்கள்.

2. அட்சதை முதலியவற்றைக் குழந்தைகளின் கையில் கொடுக்கும்போது, அதன் பொருளைத் தாய்மொழியில் ஒரு வரியில் சொல்லுங்கள். நாளடைவில் அவர்களையே சொல்லச் செய்யுங்கள்.

3. ஜினாலயத்திலிருந்து திரும்பியபின், பொறுமை, வாய்மை, எளிமை முதலியவற்றுள் ஒரு குணத்தைத் தேர்ந்து அன்று முழுதும் கடைப்பிடியுங்கள். இரவில் எத்தனை இடத்தில் தவறினோம் என்று எண்ணிப் பாருங்கள்.

சிந்தனை வினாக்கள்

1. பஞ்ச நமஸ்காரத்தில் தனிப்பட்ட பெயர்கள் இல்லாமையால் நாம் அறிவது யாது?
2. ஆப்தரின் மூன்று இலக்கணங்களைக் கூறி, வீதராகர் ஏன் வரமளிப்பவர் ஆகார் என்பதை விளக்குக.
3. இராசகிருகத் தவளை பெற்ற பயனுக்குக் காரணம் யாது?
4. நிதானம் ஏன் முள் எனப்பட்டது?
5. உங்கள் வாழ்வில் கேட்டும் கிடைக்காத ஒன்றை நினையுங்கள். அதன்பின் உங்கள் வழிபாடு எவ்வாறு மாறியது?

ஐந்தாம் வினாவிற்கு விடையை எவரிடமும் காட்ட வேண்டுவதில்லை.

அந்த மாணவி அன்று என்னிடம், "சரி பாட்டி" என்று சொல்லவில்லை. "யோசித்துப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிச் சென்றாள். மறுநாள் காலையில் வகுப்புக்கு முன்னரே வந்து மூலவர் எதிரே அமர்ந்திருந்தாள். கைகூப்பவில்லை, திருமுகத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நான் அவளைக் கலைக்காது பின்னால் அமர்ந்துகொண்டேன்.

அறம் வளர்க! அருள்நெறி ஓங்குக!